தேமாவும் புளிமாங்காயும்

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருக்கிறது. என் வீட்டுக்குள் விழுந்ததோ... ஒரு வெண்பா!

துறைமுகத்துப் பக்கப் பள்ளிக்கூடத்தை நேவிக்காரர் எடுத்துக்கொண்டார்கள். அங்கே தமிழ் படிப்பித்த நாதன் மாஸ்டர், பாலையூற்றில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தார். கலியாணமாகாதவர். சுருட்டை முடி வேறு. பொழுதுபட்டால் பிளாக்-அவுட், விளக்கு ஏற்றக்கூடாது, எங்கே போவார்? எங்கள் வீட்டுக் கதிரையில் வந்து உட்காரத்தான். ஒரு பழைய வெண்பாவை எடுத்து அசை பிரிப்பார், எதுகை காட்டுவார், மோனை காட்டுவார்... குசினியில் என் மனைவி தங்கம் கறியை அடிப்பிடிக்க விட்டுவிட்டுக் கேட்பாள்.

"நாதன் மாஸ்டர் என்ன வடிவாப் பிரிக்கிறார்!"

கூப்பன் சீனி அவருடைய தேத்தண்ணிக்கு. எனக்குப் பனங்கட்டி!

அதுகூடப் பரவாயில்லை. என் பெயரை இவள் ஒருநாளாவது சொன்னதுண்டா? கலியாணமான நாள் தொட்டு நான் 'இஞ்சாருங்கோ'தான். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாதாம். மாஸ்டர் பெயரை மட்டும் சொல்லலாமாம். வயிறு எரியுமா, எரியாதா?

போன வாரம் மாஸ்டர் பாட்டை விட்டுப் பெயர்களுக்குத் தாவினார்.

"தங்கம் — நேர் நேர், தேமா. நாதன் — அதுவும் நேர் நேர். நானும் தேமாதான்!"

"எனக்கு?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சிவசாமி... நிரை நேர் நேர். நீங்கள் புளிமாங்காய், அண்ணை!"

குசினியிலிருந்து ஒரு சிரிப்பு. துறைமுக ஒபிஸில் துரையிடம் ஏச்சு வாங்கியபோதுகூட எனக்கு இப்படி எரிந்ததில்லை. மாஸ்டர் போனதும், சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"என்ன இஞ்சாருங்கோ, மாஸ்டரில பொறாமையோ?"

"எனக்கென்ன பொறாமை? ரெண்டு தேமாவும் இருந்து இனிக்கட்டும்!"

அவள் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"வெண்பாவில தேமாவுக்குப் பிறகு நிரையில தொடங்கிற சொல்தான் வரவேணுமாம். நேர் வந்தால் தளை தட்டுமாம், ஓசை இடறுமாம். தங்கம் நாதன்... தட்டுது. தங்கம்..." தலையைக் குனிந்துகொண்டாள். "தங்கம் சிவசாமி. தட்டேல்லை."

என் பெயர்! அவள் வாயால்! கண் கலங்கிவிட்டது எனக்கு. கோபமெல்லாம் பறந்து, இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கை கழுவும்போதுதான் உறைத்தது — அப்படியென்றால், 'தங்கம் நாதன்' என்றுதானே முதலில் போட்டுப் பார்த்திருக்கிறாள்!