கோணலாகப் போட்ட பைப்

சுவரில் துளை போடும் என் பேட்டரி ஹாமர் மிஷினை யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை. வடக்கனந்தல் அக்கா கேட்டபோது மட்டும் மறுக்க முடியவில்லை. நான் தனியாக ஒயரிங் எடுத்துச் செய்த முதல் வீடு அவருடையது. "நம்ம தம்பி போட்ட ஒயரிங்கு, இன்னிக்கு வரைக்கும் ஒரு கம்ப்ளெயிண்டு இல்ல" என்று பதினாறு வருடமாக ஊரெல்லாம் சொல்லி எனக்கு வேலை பிடித்துக் கொடுப்பவர்.

களமருதூரிலிருந்து மருமகன் வந்திருக்கிறார், புது டிவியை அவரே சுவரில் மாட்டிவிடுவார், மிஷின் மட்டும் போதும் என்றார். அன்று எனக்கு வெள்ளிமலையில் பழைய ஒயரை மாற்றும் வேலை. துளை போடும் வேலை அதில் இல்லை. வழியில் வடக்கனந்தலில் இறங்கி மிஷினைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் மலைக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

பஸ் ஸ்டாப்புக்கே மருமகன் வந்திருந்தார். நான் எட்டாவதோடு நின்றவன். மிஷினோடு வந்த புத்தகத்தை இன்றுவரை படித்ததில்லை. பட்டுத் தெரிந்துகொண்டதை எல்லாம் அவரிடம் ஒப்பித்தேன்.

"துளை போடற பிட்டு மாத்தும்போது பேட்டரிய கழட்டிடுங்க சார். கண்ணாடி போட்டுக்கினுதான் துளை போடணும். இந்தப் பக்கத்துக் கைப்பிடிய கழட்டாதீங்க, ரெண்டு கையாலயும் புடிங்க. உள்ள கம்பி மாட்டுச்சுன்னா மணிக்கட்ட முறுக்கிடும். அழுத்தித் தள்ளாதீங்க, அதுவே போவும்."

அவர் சிரித்தார். "இன்னாங்க, கொயந்தைய பள்ளிக்கோடத்துக்கு அனுப்பறா மாரி சொல்றீங்க? ஒயரே இல்லாத மிஷினு. ஷாக்கா அடிக்கப் போவுது?"

மலை பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டே எந்தப் பக்கம் மாட்டப் போகிறார் என்று கேட்டேன். "சாமி ரூம் பக்கத்து சுவத்துல" என்று கத்தினார். சரி என்று கையைக் காட்டினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பது என் பழக்கம். வீட்டைப் பூட்டினேனா, கேஸை மூடினேனா என்று. அன்றைக்கு மருமகனிடம் சொன்னதைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கோமுகி அணை தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியிருந்தது. பேட்டரி சொன்னேன். கண்ணாடி சொன்னேன். கைப்பிடி சொன்னேன். சாமி ரூம் பக்கத்துச் சுவர்.

சீட்டிலிருந்து எழுந்துவிட்டேன்.

சுவருக்குள் ஒயர் போகும் பைப்பை நேராக மேலே ஏற்ற வேண்டும். அப்போதுதான் பின்னால் வருகிறவன் சுவிட்ச் போர்டைப் பார்த்தே ஒயர் போகும் வழியைச் சொல்ல முடியும். அந்தச் சுவரில் வேலை செய்தபோது, மேலே ஏற்றித் திருப்புவதற்கான வளைவு பைப் என்னிடம் தீர்ந்துபோனது. கள்ளக்குறிச்சிக்குப் போய் வாங்கி வருவதற்குள் கொத்தனார் பூச ஆரம்பித்துவிடுவார். போர்டிலிருந்து எதிர் மூலை வரைக்கும் கோணலாக வெட்டி, பைப்பைப் பதித்து மூடிவிட்டேன். சுவருக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்?

போனில் சிக்னல் இல்லை. ஒரு வளைவில் வந்தது. அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, அக்கா எடுக்கவில்லை. மறுபடி அடிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். "இங்க இன்னா இருக்குதுன்னு எறங்கற?" என்றார் கண்டக்டர். வேலைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கீழே போகிற பைக் ஒன்றை மறித்தேன். பின் சீட்டில் ஒரு பலாப்பழம் கட்டியிருந்தது. அவர் கயிற்றை அவிழ்த்து, என்னை உட்காரவைத்து, பழத்தை என் மடியில் வைத்தார்.

"பழத்த வுட்டுடாத. ஆளு வுழுந்தா எந்திரிச்சிக்கலாம்."

"கொஞ்சம் வேகமா போங்கண்ணா."

"எறக்கத்துல வேகமாவா? யாருனா சாவக் கெடக்கறாங்களா?"

"தெரியலண்ணா."

அவர் ஒருமுறை திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். பலாமுள் வழியெல்லாம் வயிற்றில் குத்திக்கொண்டு வந்தது.

தெருமுனையிலேயே மிஷின் சத்தம் கேட்டது. சத்தம் கேட்டால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். மறுநொடி சத்தம் நின்றது. பழத்தை அவரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.

மருமகன் இரும்பு ஸ்டூலில் வெறுங்காலோடு நின்றிருந்தார். நாலு துளையில் இரண்டு முடிந்திருந்தது. பக்கத்துக் கைப்பிடி டிவி அட்டைப்பெட்டி மேல் கிடந்தது. இடது உள்ளங்கையால் மிஷினின் இரும்புக் கழுத்தைப் பிடித்தபடி மூன்றாவது குறியில் பிட்டை வைத்துக்கொண்டிருந்தார். பிட் ஒயரில் பட்டால் கரெண்ட் அந்த இரும்பு வழியாகத்தான் கைக்கு வரும். கத்திக்கொண்டே வாசலில் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினேன்.

அக்கா சமையலறையிலிருந்து வந்தார். "இன்னா தம்பி, மலைக்குப் போவலயா? மிக்சில சட்னி ஓடிக்கினு இருந்துதே!"

"அந்த எடத்துல ஒயரு போவுதுங்கக்கா."

"போர்டு அங்க இருக்குது" என்றார் மருமகன். "ஒயரு அதுக்கு நேரா மேலதான போவும்? அத வுட்டுத் தள்ளித்தான் குறிச்சிருக்கேன்."

அவர் சரியாகத்தான் குறித்திருந்தார்.

"நேராத்தாங்க போவணும். நான்தான் கோணலா போட்டேன்."

மருமகன் நம்பவில்லை. என் பையிலிருந்து உளியை எடுத்து மூன்றாவது குறியில் பூச்சைத் தட்டினேன். குறிக்கு நேர் பின்னால் வெள்ளை பைப் தெரிந்தது. அவர் தன் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கி, கைப்பிடியை எடுத்து மிஷினில் மாட்டினார்.

"ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்டா ஒன்ன" என்றார் அக்கா. அதுவரை என்னை அவர் 'டா' போட்டதில்லை. "சமையல் ரூமுலயும் இப்டிதானா?"

"தெரியலக்கா. அங்கயும் ஒரு எடத்துல போட்டிருப்பேன்னு நெனைக்கறேன்."

"அப்ப மெயின போடாத. வா."

மருமகனின் பென்சிலை வாங்கி என்னிடம் கொடுத்தார் அக்கா. ஒவ்வொரு சுவராகப் போனோம். நினைவு இருந்த இடத்தில் கோடு போட்டேன், சந்தேகமான இடத்தில் தட்டிப் பார்த்தேன். "அழுத்திப் போடு" என்றார். கடைசிச் சுவரில் கேட்டார்: "நான் சொல்லி எத்தினி வூட்டுல வேல பாத்த? அவங்களுக்கு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேங்கக்கா."

போனைப் பார்த்தேன். வெள்ளிமலை வீட்டுக்காரர் மூன்று முறை அழைத்திருந்தார். பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, அக்கா சொல்லி நான் ஒயரிங் செய்த எதிர் வீட்டின் கதவைத் தட்டினேன்.