தெரிஞ்சவங்க இந்தக் கை

பேருந்து நிலையத்தில் அவளுடைய வேலையைப் பறித்துக்கொண்டது வேறு யாருமல்ல, அவளுடைய குரலேதான்.

மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. ஒரு மேசை, ஒரு மைக், ஒரு மின்விசிறி. மைக்கில் இரைச்சல் கேட்கும் என்பதால் பேசும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். எந்தப் பேருந்து எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பர்ஸ் அலுவலகத்தில் கிடக்கிறது என்பதையெல்லாம் அவள் வேர்க்க வேர்க்க அங்கிருந்துதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று தொடங்குவாள், எதையும் இரண்டு தரம் சொல்வாள், ‘நன்றி’ என்று முடிப்பாள். பல வருடம் அப்படி ஓடியது. ஒருநாள் மேலாளர் கூப்பிட்டு, ஊர்ப் பெயர், எண், நேரம், எல்லாவற்றையும் தனித்தனியாகச் சொல்லிப் பதிவு செய்து தரச் சொன்னார். இவளும் ஏன் எதற்கு என்று கேட்காமல் ஒரு வாரம் உட்கார்ந்து, எழுத்து எழுத்தாக உச்சரித்துக் கொடுத்தாள். அடுத்த மாதத்திலிருந்து கணினி அந்தத் துண்டுகளை ஒட்டித் தானே அறிவிக்கத் தொடங்கிவிட்டது.

“கவலைப்படாதீங்கம்மா, உங்க குரல் என்னைக்கும் இங்கயேதான் இருக்கும்” என்றார் மேலாளர். ஆறுதல் சொல்கிறாராம்.

குரல் கணீரென்று இருந்தால் போதும், நம் ஆட்களுக்கு உடனே ஆசிரியர் வேலைதான் நினைவுக்கு வரும். “உன் தொண்டைக்கு நீ டீச்சரா போயிருக்கணும்” என்று கணவர் சொன்னார், நாத்தனார் சொன்னாள், பக்கத்து வீட்டு மாவு மில்காரரும் சொன்னார். யோசனை சொல்ல யாருக்கும் கைக்காசு செலவில்லை. எல்லோருக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு அவள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். ஆனால் காரணம் அது இல்லை. அத்தனை வருடத்தில் அந்த அறைக்குள் அவள் சொன்ன எதற்கும் யாரும் பதில் சொன்னதில்லை. சொன்னது ஒரு முகத்தில் போய் விழுவதை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டாள்.

பயிற்சிப் பள்ளியில் மற்றவர்களெல்லாம் இளவட்டங்கள். முதல் வாரத்திலேயே அவளுக்கு ‘அறிவிப்பக்கா’ என்று பெயர் விழுந்துவிட்டது. உளவியலை மனப்பாடம் செய்தாள், பாடக்குறிப்பு எழுதினாள், கத்தரிக்கோலும் பசையுமாகக் குடித்தனம் நடத்தினாள். எழுத்துத் தேர்வில் எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். கவிழ்த்துவிட்டது செய்முறைத் தேர்வுதான். அதில் உண்மையான ஒரு வகுப்பில், உண்மையான பிள்ளைகளுக்கு, வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்க, ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும்.

முதல் தடவை அவள் வகுப்பில் நுழைந்ததும் வாயைத் திறந்தாள். “மாணவர்களின் கனிவான கவனத்திற்கு” என்று வந்துவிட்டது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நீரின் மூன்று நிலைகளைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினாள், ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொன்னாள், கேள்வி கேட்டாள், அடுத்த நொடியே பதிலையும் தானே சொன்னாள். அறிவிப்பு அறையில் ஒலிபெருக்கி சும்மா இருந்தால் மேலாளர் ஆள் அனுப்பிவிடுவார். மௌனம் என்றாலே அவளுக்கு ஆகாது. கடைசியில் “நன்றி” என்று வேறு சொல்லி முடித்தாள்.

“குரல் பிரமாதம்மா. ஆனா நீங்க யாருக்குப் பாடம் நடத்தினீங்க?” என்று கேட்டுவிட்டு அந்தத் தேர்வாளர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

செய்முறைத் தேர்வுக்கு இரண்டு முறைதான் அனுமதிப்பார்கள் என்பது விதி. இரண்டாவதும் போனால் படித்ததெல்லாம் வீண். வேறு பிழைப்பைப் பார்க்க வேண்டியதுதான். மறுவருடம் தேர்வு நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் பயிற்சிப் பள்ளிக்குப் போக அதே நிலையத்தில்தான் பேருந்து ஏற வேண்டும். மேலே அவளுடைய குரலே பதற்றமில்லாமல் மேடை எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும். அதைக் கேட்கும்போதெல்லாம், நீ நன்றாக இருக்கிறாய், நான்தான் தெருவில் நிற்கிறேன் என்று அதனிடம் எரிச்சல் வரும்.

வீட்டில் மகளை உட்காரவைத்துப் பாடம் நடத்திப் பழகினாள். தேர்வுக்குக் கொடுத்திருந்தது நான்காம் வகுப்புப் பின்னங்கள்: மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா?

“அம்மா, நீயே கேக்கற, நீயே சொல்லிடற. நான் எதுக்கு?” என்று கேட்டாள் மகள், தலையைச் சீவிக்கொண்டே.

“நீ சொல்ல மாட்டேங்கறியே!”

“வாயைத் திறக்க விட்டாத்தானே சொல்றதுக்கு?”

கூடப் படித்த ஒருத்திதான் வழி காட்டினாள். எல்லோருக்கும் படம் வரைந்து கொடுத்ததால் அவளுக்கு ‘சார்ட்’ என்றே பெயர். வாய்த் துடுக்கும் கைத்திறமையும் சம அளவில் உள்ள பெண்.

“அக்கா, இது ஊரறிஞ்ச ரகசியம். கேள்வி கேட்டா வகுப்பு மொத்தமும் கை தூக்கணும். பதில் தெரிஞ்சா வலது கை, தெரியலைன்னா இடது கை. நீங்க வலது கையா பாத்து எழுப்பினா போதும். பின்னாடி உக்காந்திருக்கறவருக்கு என்ன தெரியும்? ஆகா, பிள்ளைங்க எல்லாம் புலின்னு நினைச்சுப்பார்.”

“தப்பில்லையாடி?”

“போன தடவை ரொம்ப ஒழுங்கா நடத்திக் கோட்டை விட்டீங்களே, அது மட்டும் சரியா?”

அவள் தன் வலது கையை ஒருமுறை தூக்கிப் பார்த்துக்கொண்டாள்.

தேர்வு நாளன்று தேர்வாளர் தலைமையாசிரியர் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவள் அவசர அவசரமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். கண் வாசலிலேயே இருந்தது.

“கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். தெரிஞ்சவங்க இந்தக் கை. தெரியாதவங்க இந்தக் கை. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது டீச்சர்!” என்று வகுப்பே ராகம் போட்டது. அந்த ராகத்தை நம்பி ஏமாறாத ஆசிரியர் இன்னும் பிறக்கவில்லை.

‘தெரிஞ்சவங்க’ என்றபோது அவள் தூக்கிக் காட்டியது தன் வலது கையை. எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கண்ணாடி பார்க்கிற மாதிரி அதே பக்கத்துக் கையைத் தூக்கிப் பழகிக்கொண்டார்கள். அது அவர்களுடைய இடது கை. ஆள் முகத்தையே பார்க்காமல் வருடக்கணக்கில் பேசிப் பிழைத்தவளுக்கு, எதிரில் நின்றால் பக்கம் மாறும் என்பது எங்கே தோன்றும்? ஒத்திகை பார்க்கவும் நேரமில்லை. தேர்வாளர் வந்துவிட்டார்.

ஒல்லியான, முகத்தில் எதுவும் தெரியாத மனிதர். பின்பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். இந்தமுறை அவள் “வணக்கம் பிள்ளைகளே” என்றுதான் தொடங்கினாள். கரும்பலகையில் இரண்டு பின்னங்களையும் எழுதினாள், கீழே இருக்கும் எண் பெரிதானால் பங்கு சிறிதாகும் என்று விளக்கினாள், கேட்டாள்.

“மூணுல ஒண்ணு பெருசா, நாலுல ஒண்ணு பெருசா?”

அத்தனை கைகளும் எழுந்தன. பார்க்கவே கண்கொள்ளாக் காட்சி. வலது கை தூக்கியிருந்த ஒரு பையனை எழுப்பினாள். “நாலுல ஒண்ணு” என்றான். இன்னொருவனை எழுப்பினாள். அவனும் அதையே சொன்னான். ஜன்னலோரத்தில் ஒரு சிறுமி வலது கையை உயர்த்தியபடி, கூப்பிட்டுவிடக் கூடாதே என்று எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரப் பிள்ளை, அடக்கமாக இருக்கிறது என்று நினைத்து அவளைக் கைகாட்டினாள்.

சிறுமி எழுந்தாள்.

“சொல்லும்மா.”

“டீச்சர், தெரியாதவங்க இந்தக் கைன்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்குத் தெரியாதுன்னுதான் இந்தக் கையைத் தூக்கினேன். ஏன் என்னையே கேக்கறீங்க?”

பின்பெஞ்சில் பேனா நின்றது.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. குட்டு உடைந்துவிட்டது, தேர்வும் போய்விட்டது, அவ்வளவுதான். சார்ட் பெண்ணைத் திட்டக்கூட மனம் வரவில்லை. கூச்சம் ஒருபுறம் இருக்க, கொஞ்சமும் பொருத்தமில்லாமல் ஒரு சந்தோஷமும் வந்தது. அவள் சொன்னதை ஒருத்தி அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறாள். கேட்டதோடு நிற்காமல் திருப்பிச் சண்டைக்கும் வருகிறாள். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து அவள் காத்திருந்தது இப்படி ஒரு குரலுக்குத்தான்.

இனி இழக்க என்ன இருக்கிறது? பாடக்குறிப்பை மூடி மேசையில் வைத்தாள்.

“சரி. நான்தான் கையை மாத்திக் காட்டிட்டேன். உனக்கு என்ன தெரியல, அதைச் சொல்லு.”

“நாலு பெருசு, மூணு சின்னது. ஒண்ணாம் வகுப்புலயே சொல்லிக் குடுத்தாங்க. இப்ப நீங்க மாத்திச் சொல்றீங்க.”

பதில் அவளுடைய நாக்கு நுனியில் தயாராக நின்றது. வழக்கம்போல இரண்டு தரம் சொல்லிவிடலாம். சொல்லாமல் வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள். வகுப்பு அமைதியாக இருந்தது. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அந்தச் சிறுமியின் பெஞ்ச் கண்ணில் பட்டது. அதில் மூன்று பேர் தாராளமாக உட்கார்ந்திருந்தார்கள்.

“நீ உக்காரு. இந்த பெஞ்சை மூணு பேரும் சமமா பங்கு போட்டுக்கங்க.” முன்வரிசையிலிருந்த ஒரு தடிப் பையனைக் கூப்பிட்டாள். “நீ போய் நாலாவதா உக்காரு.”

அவன் பையோடு வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஜன்னலோரச் சிறுமி சுவரோடு ஒட்டிப்போனாள்.

“டீச்சர், எடமே இல்ல! இவன் இடிக்கறான்!”

“ஏன் இல்ல? பெஞ்ச் சின்னதாயிடுச்சா?”

“பெஞ்ச் அப்படியேதான் இருக்கு. ஆள் கூடிடுச்சு.” பலகையைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள். “அய்ய… நாலு பேர் பங்கு போட்டா எனக்குக் கம்மியாத்தான் வரும்.”

“அப்ப எது பெருசு?”

“மூணுல ஒண்ணு. இதை மொதல்லயே இப்படிச் சொல்ல வேண்டியதுதானே?”

அதற்குப் பிறகு வகுப்பு அவள் கையில் இல்லை. எல்லா பெஞ்சிலும் ஆள் மாறியது, ஐந்து பேர் உட்கார்ந்து பார்த்தார்கள், ஒருவன் கீழே விழுந்தான், ஒருத்தி மட்டும் தனக்கு இன்னும் புரியவில்லை என்று பிடிவாதமாக நின்றாள். அவளுக்காக மறுபடி முதலிலிருந்து தொடங்க, பாதியில் மணி அடித்துவிட்டது. தொகுத்துச் சொல்லவில்லை, மதிப்பீட்டுக் கேள்வி கேட்கவில்லை, வீட்டுப்பாடம் தரவில்லை. சார்ட் பெண் தூக்கம் விழித்து வரைந்து கொடுத்த படம் சுருட்டியபடியே கிடந்தது.

பிள்ளைகள் போனபின் தேர்வாளர் முன்னால் வந்தார்.

“பாடக்குறிப்புல பாதியைக்கூடத் தாண்டலை.”

“ஆமா சார்.”

“படத்தைப் பிரிக்கவே இல்லை.”

“இல்ல சார்.”

“அந்தக் கை விஷயம்…” அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். அவள் தலை நிமிரவில்லை. “எதிர்ல நின்னு காட்டினா மாறிடும்மா. பிள்ளைங்களுக்கு முதுகைக் காட்டி நின்னு சொல்லித்தரணும். நாங்கல்லாம் அப்படித்தான் செஞ்சோம்.”

சொன்னபோது முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. தேறினாளா இல்லையா என்று சொல்லாமல் போய்விட்டார்.

தேறிவிட்டாள். தட்டுத்தடுமாறி, நூலிழையில். முடிவு தெரிந்த காலையில் அவள் பேருந்து நிலையத்தில்தான் நின்றிருந்தாள். சார்ட் பெண் கைபேசியில் கத்திய கத்தலில் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேலே ஒலிபெருக்கி தன்பாட்டுக்கு “நன்றி” என்றது. முதல்தடவையாக அவளுக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. பாவம், அது அங்கேயே கிடக்கிறது என்றுதான் தோன்றியது.

வேலை கிடைத்தது அடுத்த வருடம், மூன்றாம் வகுப்புக்கு. முதல் நாள் உள்ளே போனதும் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று இரண்டு கைகளையும் தூக்கினாள். பின்னால் கிளுகிளுவென்று சிரிப்பு.

“இது வலது, இது இடது. என் வகுப்புல தெரிஞ்சவங்க கை தூக்க வேண்டாம். தெரியாதவங்கதான் தூக்கணும், வலது கை. சரியா?”

“சரி டீச்சர்!” அதே ராகம்.

இந்தமுறை அவள் அதை நம்பவில்லை. திரும்பி, மேசையில் சாய்ந்துகொண்டு காத்திருந்தாள். ஒருவரும் அசையவில்லை. வெளியே யாரோ பக்கெட்டை இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. கடைசி வரிசையில் ஒரு பொடியன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மெதுவாகக் கையைத் தூக்கினான். இடது கை.

“அது இடது கைடா கண்ணு.”

“அதான் டீச்சர் தெரியல” என்றான் அவன்.

வகுப்பு சிரித்தது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. நேராக அவன் பெஞ்சுக்குப் போய், அவனைத் தள்ளி உட்காரச் சொல்லி, அவன் பார்க்கும் பக்கமே தானும் பார்த்து உட்கார்ந்தாள்.