முதுகில் குத்திய சீட்டு

எங்கள் ஓக்லஹோமா ஊரின் வெல்டர் வெர்லினுக்கு அப்பா கொடுத்தது கைத்துப்பாக்கி. அதன் ஜோடியான, அதே எண் பொறித்த ரைஃபிள், சண்டை போட்டுக்கொண்டு எங்கோ போய்விட்ட தம்பி டாரலிடம். பிடிவாதத்தில் அண்ணன் தம்பி இரண்டும் ஒரே வார்ப்பு.

துப்பாக்கிச் சந்தைகளில் தேடும் பொருளைச் சீட்டில் எழுதி முதுகில் குத்திக்கொள்வது எங்கள் வழக்கம். அப்படித்தான் வெர்லினும் வருஷக்கணக்காக அலைந்தார்.

கடைசியில் டல்சா சந்தையில் ரைஃபிள் கிடைத்தது. விற்க வந்தவள் அவர் முதுகுச் சீட்டைப் பார்த்தாள்.

"நீங்கதானா அந்த அண்ணன்? நான் டாரல் பொண்டாட்டி. அவரு போன மாசம் தவறிட்டாரு. போன வருஷம் இதே சந்தையில உங்களைப் பார்த்து, பின்னாடியே ஓடிவந்தாரு."

"கூப்பிட்டிருக்க வேண்டியதுதானே, கழுதைப் பய!" என்று வெர்லின் கத்தினார்.

"சீட்டைப் படிச்சாராம். துப்பாக்கி நம்பர்தான் இருந்துச்சாம். 'அண்ணன் என்னைத் தேடலடி'ன்னு திரும்பி வந்துட்டாரு."