நூற்றுப் பதினேழாம் குப்பி

ஆறாவது ஜோடிக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். மணி இன்னும் பத்தரை ஆகவில்லை. மூக்கு அரித்தது, தெரியாமல் தொட்டுவிட்டார். அதற்காக ஒரு ஜோடி போயிற்று. கதவுக் கைப்பிடி பட்டுவிட்டது, அதற்கு இன்னொன்று. நான் இந்த ஆய்வுக்கூடத்தின் ஸ்டோர் பொறுப்பாளன். மற்ற அத்தனை பேரும் சேர்ந்து தீர்க்கிற கையுறையை இவர் ஒருவரே தீர்த்துவிடுவார். முகம் சுளித்தால், "என்ன சார், உங்க வீட்டுச் சொத்தையா அழிக்கிறேன்?" என்பார்.

இங்கே அவருக்குப் பெயர் 'தொடாதக்கா'. அவர் மேசைப் பக்கம் யாராவது கையை நீட்டினால் போதும், திரும்பிப் பார்க்காமலே சொல்வார்: "தொடாதீங்க. கை பட்டா செத்துரும்." சாவது ஆர்.என்.ஏ., மரபணுவிலிருந்து செல் எடுக்கும் நகல். நம் தோலிலும் வியர்வையிலும் அதை அறுத்துத் தின்னும் நொதி இருக்கிறதாம். ஒரு விரல் பட்டால் ஒரு நாள் வேலை பாழ். ஆஸ்பத்திரியிலிருந்து புற்றுக் கட்டியின் துண்டுகள் உறைந்த நிலையில் வரும். அவற்றை இடித்துக் கரைத்து, வடித்து, ஆர்.என்.ஏ.வைப் பிரித்துக் கொடுப்பது இருபத்திரண்டு வருடமாக இவர் வேலை.

பேனாவை இரவல் தர மாட்டார். கைகுலுக்க வந்த பெரிய விஞ்ஞானி ஒருவர் நீட்டிய கையை நீட்டியபடியே நின்றார். இவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். வீட்டிலும் அழைப்பு மணியை முழங்கையால்தான் அழுத்துகிறார் என்று அவருடைய தங்கை மகள் ஒருமுறை என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அந்தப் பெண் இவரிடம்தான் வளர்ந்தாள். தாய் இறந்து பத்து வருடம் ஆகிறது.

ஆய்வு எதைப் பற்றி என்று டீ நேரத்தில் கேட்டேன். "நம்ம மரபணுவுல கிட்டத்தட்ட பாதி, என்னைக்கோ வந்து ஒட்டிக்கிட்டதோட மிச்சம் சார். அதுல சிலது இன்னும் சும்மா இருக்காது. தன்னையே நகல் எடுத்து வேற எங்கயாவது போய்ச் செருகிக்கும். அதை அடக்கி உக்கார வைக்கிறதுல சின்னச் சின்ன ஆர்.என்.ஏ.வுக்கும் பங்கு இருக்கு. புத்துநோயில அந்தக் காவல் தளர்ந்துடுது." வாத்தியார் இல்லாத வகுப்பு என்று சொல்லுங்கள் என்றேன். "வாத்தியார் இருக்கார். தூங்கிட்டார். அவர் தூங்கினதால கூத்தா, கூத்துல அவர் மயங்கி விழுந்தாரான்னுதான் இன்னும் தெரியல."

வேடிக்கையாகச் சொன்னாரே தவிர முகத்தில் சிரிப்பு இல்லை. காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பத்துப் பதினோரு வருடம் முன்பு இங்கே பயன்படுத்திய வடிகட்டியில் பெரிய ஆர்.என்.ஏ. மட்டுமே தங்கும். சின்னது கழுவும் திரவத்தோடு கீழே இறங்கிவிடும். அதைக் கழிவுப் புட்டியில் ஊற்றுவதுதான் முறை. எல்லோரும் ஊற்றினார்கள், இவரும் ஊற்றினார். அப்படி ஊற்றியதில் 117-ஆம் எண்ணும் ஒன்று.

குப்பிகளில் பெயர் இருக்காது, எண்தான். ஆனால் தங்கைக்கு அறுவை நடந்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது ஒரே ஒரு குப்பி. ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதம் என்று தங்கை கையெழுத்துப் போட்ட படிவத்தில் சாட்சிக் கையெழுத்து இவருடையது. தங்கையின் கடைசி இருபது நாளும் தொற்று வரக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் யாரையும் வெறும் கையோடு உள்ளே விடவில்லை. "நான் எங்க போனாலும் கையுறை வந்துடுது சார்," என்றார். எனக்கு அதற்குப் பிறகு அவரைக் கிண்டல் செய்ய வாய் வரவில்லை.

அந்தக் கட்டியில் ஒரு பயறளவு துண்டு மைனஸ் எண்பது ஃப்ரீசரில் மிச்சம் இருந்தது. சின்ன ஆர்.என்.ஏ.வுக்காகப் பழைய துண்டுகளை மறுபடி எடுக்க வேண்டும் என்று போன மாதம் நாற்பது எண்கள் கொண்ட பட்டியல் வந்தது. 117 அதில் இருந்தது. இடித்தால் தீர்ந்தது, தங்கையின் உடம்பிலிருந்து உலகத்தில் வேறெதுவும் மிச்சம் இல்லை.

மறுநாள் என்னிடம் ஃப்ரீசர் பதிவேட்டைக் கேட்டார். இரண்டு வருடம் முன்பு ஃப்ரீசர் பழுதாகி ஓர் அடுக்கு முழுக்க உருகிப்போனது. வீணானவற்றின் எண்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. 117-ஐயும் அதோடு சேர்த்தால் துண்டு தப்பிவிடும், கேட்க நாதியில்லை. எதற்குக் கேட்கிறார் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளட்டும் என்றுதான் என் மனசு இருந்தது.

மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தார். புரட்டினேன். புதிதாக எதுவும் இல்லை.

"எழுதலையா?"

"எழுதத்தான் வாங்கிட்டுப் போனேன். ராத்திரி சாப்பிடும்போது இவ கேக்குறா, பெரியம்மா, அம்மாவுக்கு ஏன் புத்துநோய் வந்துச்சுன்னு. தெரியலடின்னேன். பத்து வருஷமா இதையேதான் சொல்றேன்."

இந்த ஆராய்ச்சி அதைச் சொல்லிவிடுமா என்று கேட்டேன்.

"சொல்லாது. நாப்பதுல ஒண்ணா அவளும் இருப்பா, அவ்வளவுதான்." ஒரு கையுறைப் பெட்டியை எடுத்துக்கொண்டார். "வேற யார் கையிலயும் கொடுக்க மாட்டேன் சார். போன தடவ கொட்டினது நான்தான்."

புதன்கிழமை காலை. புதுக் கையுறைப் பெட்டியை நானே கொண்டுபோய் வைத்துவிட்டு, வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் போகச் சொல்லவில்லை. சிறு பீங்கான் உரலில் திரவ நைட்ரஜனை ஊற்றினார், புகை எழுந்தது. குப்பியைக் கவிழ்த்து ஒரு தட்டு தட்டினார். பயறு உரலில் விழுந்தது. நாலே இடியில் பொடி. நெடியடிக்கும் திரவத்தில் கரைத்தார், சுழற்றினார், வடித்தார். இறங்கிய கழுவலை ஒவ்வொரு தடவையும் தனிக் குப்பியில் பிடித்து எண் ஒட்டினார். கழிவுப் புட்டி மூடியபடியே இருந்தது. இடையில் மூன்று ஜோடி கையுறை மாற்றினார்.

மதியம் எல்லாம் பனிக்கட்டிப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தன. மேசையில் மிஞ்சியது காலிக் குப்பி, 117. அடியில் காய்ந்த ஒரு பழுப்புக் கறை. இந்த மாதிரிக் காலிகள் மருத்துவக் கழிவுக்கான சிவப்புத் தொட்டிக்குப் போக வேண்டும். தொட்டியின் மூடியைக் காலால் மிதித்துத் திறந்தார். பிறகு காலை எடுத்துவிட்டார்.

வலது கைக் கையுறையைக் கழற்றினார். அடுத்த ஜோடியை எடுத்து நீட்டினேன், வாங்கவில்லை. சுண்டுவிரலைக் குப்பிக்குள் அடிவரை விட்டு, அந்தக் கறையைத் தொட்டார்.