செருப்புக் காலோடு இறங்கியவர்

பேட்டையில் என் பட்டறையில் ஒரு ஜன்னல் கம்பிக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் கபடி அணியின் இசக்கிமுத்துவிடமிருந்து போன் வந்தது. “அண்ணாச்சி, ஞானதாஸ் அண்ணாச்சி போயிட்டாவ” என்றான். “எங்க போயிட்டாவ? சாயங்காலம் நாங்குநேரில ஆட்டம் இருக்குல்லா, மூணு மணிக்கு வாரேன்னாவளே” என்று கத்தினேன். அவன் அழுதான். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. காலையில் பல் தேய்த்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குத் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கையிலிருந்த கம்பியைத் தூக்கி எறிந்தேன். அது எதிரே இருந்த தண்ணீர் டிரம்மில் பட்டு ஓட்டை விழுந்தது.

அவரை அறிந்தவர்கள்தான் இதைப் படிப்பீர்கள். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய்விட்டு, நேரே கபடிக் களத்துக்கு வருகிறவர். எங்கள் ஆற்றங்கரை அணிக்கு அவரைப்போல் ஒரு ரசிகர் வாய்த்ததில்லை. இரங்கல் சுவரொட்டியில் ‘சாந்த சொரூபி’ என்று போட்டிருக்கிறார்கள். எந்தப் புண்ணியவான் எழுதினானோ! நான் அறிந்த ஞானதாஸ் அண்ணாச்சி முன்கோபக்காரர், கை நீட்டுகிறவர். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவருடைய இடது காது ஒரு கலவரத்தில் போனது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அடித்தவன் யார் என்று உங்களில் பலருக்குத் தெரியாது. அடித்தவன் நான். அதற்குப் பிறகும் அவர் வீட்டில் வருடா வருடம் கிறிஸ்துமஸ் பிரியாணி தின்றேன். பரிமாறிய எஸ்தர் மதினியிடமும் மகள் ஜெனியிடமும் அவர் இருந்தவரை இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில் அவருடைய கோபத்தைச் சொல்கிறேன். கல்லிடைக்குறிச்சியில் ஓர் ஆட்டம். எங்கள் ஆட்டக்காரன் ஒருவன் பிடிபட்டபோது, எதிரணி ரசிகன் ஒருத்தன் அவன் தாயைச் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னான். அண்ணாச்சி எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். இரண்டையும் என்னிடம் நீட்டி, “புடிலே ஆறுமுகம்” என்றார். பிறகு போய் அவன் வாயிலேயே குத்தினார். பல் ஒன்று மண்ணில் விழுந்தது. அவனுடைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்து எங்களைப் புரட்டி எடுத்தார்கள். பேருந்தில் திரும்பும்போது உதட்டில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, “ஆட்டம் பாக்க வாரவன் அடி வாங்கவும் தயாரா வரணும்வே. இல்லேன்னா வீட்ல இருந்து சீரியல் பாரும்” என்றார். அன்றிலிருந்து அவர் கண்ணாடியில் கை வைத்தாலே பக்கத்தில் நிற்பவர்கள் விலகிக்கொள்வார்கள்.

எங்கள் அணி அப்போது தோற்பதற்கென்றே பிறந்த அணி. திடீரென்று ஒரே வருடத்தில் மூன்று பையன்கள் வந்தார்கள். மூன்று பேருக்கும் பத்தொன்பது, இருபது வயது. இரண்டு பேர் பிடிகாரர்கள். மூன்றாமவன்தான் இசக்கிமுத்து. பாடிப் போனான் என்றால் மூச்சுக் கட்டியது கட்டியபடி இருக்கும், கை எங்கே நீள்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. முதல் ஆட்டத்தில் ஒரே மூச்சில் நாலு பேரைத் தொட்டுவிட்டு வந்தான். நாங்கள் பைத்தியமானோம். ஃபிளெக்ஸ் அடித்தோம், மஞ்சள் பனியன் தைத்தோம், அவன் படத்தைப் போனில் வைத்துக்கொண்டோம். அண்ணாச்சி தூக்குவாளி நிறைய அவித்த முட்டை கொண்டுவந்து, உரித்து உரித்து அந்த மூன்று பேர் வாயிலும் திணிப்பார். “இந்தப் பயலுவ நம்மள எங்கயோ கொண்டு போயிருவானுவ. அதுவரைக்கும் நாம செத்துராம இருக்கணும், அம்புட்டுத்தான்” என்பார்.

பொங்கல் போட்டியில் அரையிறுதிக்கு வந்தோம். எதிரணிக்காரர்கள் ஆட்டத்துக்கு முந்தின நாள் எங்கள் ஃபிளெக்ஸில் இசக்கியின் கழுத்தைக் கத்தியால் கிழித்திருந்தார்கள். அதற்கு நாங்கள் அவர்களுடைய வேனின் கண்ணாடியை உடைத்தோம். களத்திலும் அதே கோபம்தான். இசக்கியை நாலு பேர் மடக்கி, ஒருத்தன் அவன் வலது கையைப் பின்னால் முறுக்கினான். ‘மடக்’ என்று கேட்டது. தோள் இறங்கிவிட்டது. வெளியே செங்கலும் கம்பும் பறந்தன. என் கையிலும் ஒரு செங்கல் இருந்தது, அது யார் மண்டையில் பட்டது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஆட்டத்தில் ஜெயித்தோம். அண்ணாச்சி மட்டும் சண்டைக்கு வரவில்லை. பையனை ஒரு ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

அடுத்த நாள் அவர் வந்து சொன்னதை நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை. “லே, டாக்டர் படம் எடுத்துப் பாத்துட்டாரு. இன்னொரு இழுப்பு விழுந்துச்சுன்னா கை தூக்க வராதாம். பய வாழ்க்கையே போயிரும். இறுதி ஆட்டத்துக்கு அவன இறக்காதிய” என்றார். “டாக்டர்னா அப்படித்தான் அண்ணாச்சி சொல்லுவாவ” என்றேன் நான். “இருபது வருசமா தோத்துக்கிட்டு இருக்கோம். ஒரு நாள் பொறுத்துக்கிட மாட்டானா?” இசக்கியும், “ஆடுதேன் அண்ணாச்சி” என்றான். ஆடாமல் இருந்தால் நாங்கள் அவனை என்ன செய்வோம் என்று அவனுக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்துக் களங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டக்காரர்கள் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, வெறுங்காலோடுதான் இறங்குவார்கள். ஓர் அணியின் பனியன் போட்ட ரசிகன் செருப்புக் காலோடு கோட்டைத் தாண்டி உள்ளே வந்தால், அந்த அணி தோற்றதாகக் கணக்கு. தோற்கப் போகிறவர்கள் உள்ளே புகுந்து ஆட்டத்தைக் கலைப்பதும் வெட்டுக்குத்து நடப்பதும் வழக்கமாகிப் போனதால், பெரியவர்கள் கூடி வைத்த கட்டுப்பாடு அது. நடுவர் விசில் ஊதினால் மறுபேச்சு கிடையாது. அதனால் நாங்கள் எவ்வளவு வெறியிலும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் அடித்துக்கொள்வோம்.

இறுதி ஆட்டத்தில் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். ஐந்து நிமிடம் பாக்கி. இசக்கியின் தோளைத் துணியால் இறுக்கிக் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். “இறக்கு, இறக்கு” என்று கூட்டம் முழுக்க அலறியது. நான் தொண்டை கிழிய அலறினேன். எழுந்து வந்தான். மண்ணைத் தொட இடது கையைத்தான் நீட்டினான். பாடிப் போனான். எதிரணியின் மூலைக்காரன் அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை, கட்டுப் போட்ட தோளையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் தடவை ஒருத்தனைத் தொட்டுவிட்டுத் தப்பி வந்தான். வந்தவன் கோட்டருகே முழங்காலிட்டு வாந்தி எடுத்தான். வலி அவ்வளவு. இன்னும் ஒரே புள்ளி என்று நாங்கள் மறுபடியும் அவன் பெயரைக் கத்தினோம்.

அப்போது அண்ணாச்சி எழுந்தார். மஞ்சள் பனியன், வேட்டி, காலில் ரப்பர் செருப்பு. வயல் வரப்பில் நடக்கிறவர் மாதிரி பைய நடந்து, கோட்டைத் தாண்டி, களத்தின் நடுவில் போய் நின்றார். செருப்பால் மண்ணை இரண்டு மிதி மிதித்தார். “நான் ஆத்தங்கரைக்காரன். நல்லா பாத்துக்கிடுங்க. செருப்புப் போட்டிருக்கேன்” என்றார். நடுவர் ஒரு நிமிடம் விழித்தார். பிறகு விசில் ஊதினார். கோப்பை போனது.

நான்தான் முதலில் பாய்ந்தேன். உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை, கையை உயர்த்தவில்லை. “லே, பய கை...” என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் இடது பக்கத் தலையில் ஓங்கி அடித்தேன். நாற்காலிக் கால் முறிந்தது. விழுந்தார். பின்னால் வந்த மஞ்சள் பனியன்கள் மிதித்தார்கள். முட்டை தின்ற அந்தப் பையன்களில் ஒருத்தனும் சேர்ந்து மிதித்தான். காதிலிருந்து ரத்தம் கழுத்துவரை வழிந்தது. அவர்மேல் விழுந்து மறைத்துக்கொண்டவன் இசக்கி ஒருத்தன்தான், அதுவும் ஒற்றைக் கையோடு. ரத்தத்தைப் பார்த்ததும் எனக்கு வெறி இறங்கியது. நான் என்ன செய்தேன்? ஓடிப் போனேன். இதைவிடக் கேவலமாக எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

போலீஸ்காரர்கள் ஆஸ்பத்திரியில் அவரிடம் கேட்டார்களாம். “கூட்டம் சார். எல்லாவனும் மஞ்சச் சட்டை. எவன்னு சொல்ல?” என்றாராம். நான் நாலு நாள் ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். நாலு நாளும் அதைத் திருப்பிக் கொண்டுவந்தேன். இசக்கிக்குத் தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அண்ணாச்சிக்கு இடது காது இனி கேட்காது என்றும் கேள்விப்பட்டேன். அவர் தெருப்பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவரே பட்டறைக்கு வந்தார். நான் தனியாக இருந்தேன். உள்ளே வந்து கண்ணாடியைக் கழற்றினார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். இரண்டையும் என்னிடம் நீட்டி, “புடிலே” என்றார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன். வாங்கிய உடனே கன்னத்தில் ஒன்று விட்டார் பாருங்கள், கடைவாய்ப் பல் ஆடிப்போயிற்று. கால் தடுக்கி இரும்புக் குப்பைமேல் விழுந்தேன். முழங்கை கிழிந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. “சவத்து மூதி, நாற்காலியா எடுத்து அடிக்க? கையில்லையால ஒனக்கு?” என்றார். நான் அழுதேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். “எங்கிட்ட என்னலே கேக்க? நாந்தான் அடிச்சுட்டேம்லா. ஒன் மதினிகிட்டயும் ஜெனிகிட்டயும் நான் சொல்லல. அத நீதான் சொல்லணும்” என்றார். அப்புறம் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, “எந்திரி. மேலப்பாளையத்துல ஒரு பய இருக்கானாம். இடது கைக்காரனாம். பாத்துட்டு வருவோம்” என்றார்.

அதன் பிறகு எங்கே புதுப் பையன் கிளம்பினான் என்று கேள்விப்பட்டாலும் போனோம். சத்தம் போட்டோம். சண்டையும் போட்டோம், அதை மறைப்பானேன். ஒரு வித்தியாசம், அடிபட்ட பையனை இறக்கச் சொல்லி எவனாவது கத்தினால் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிடுவார். களத்தில் என்னை எப்போதும் இடது பக்கம்தான் உட்கார வைப்பார். “நீ எடுத்த காது. அத நீயே வச்சுக்க. வலது காத நல்லவங்களுக்கு வச்சிருக்கேன்” என்று சிரிப்பார். அந்தக் காதில் விழ வேண்டுமென்று நான் ஒவ்வொரு வார்த்தையையும் கத்த வேண்டியிருந்தது. இசக்கி திரும்ப ஆட வந்த அன்று, அவன் முதல் ஆளைத் தொட்டதும் அண்ணாச்சி என் தொடையில் அடித்த அடி ஒரு வாரம் கன்றிக் கிடந்தது. ஒவ்வொரு தடவை பிரியும்போதும், “வீட்ல சொன்னியால?” என்று கேட்பார். “சொல்லுதேன் அண்ணாச்சி” என்பேன். சொல்லவில்லை. மதினி முகத்தைப் பார்த்ததும், இன்னும் கொஞ்சம் பிரியாணி என்று தட்டை நீட்டிவிடுவேன்.

கல்லறைத் தோட்டத்துக்கு அணி முழுக்க வந்திருந்தது. பெட்டியை முன்னால் நின்று வலது தோளில் தாங்கியவன் இசக்கிமுத்து. ஜெபம் முடிந்து, யாராவது இரண்டு வார்த்தை பேசுகிறீர்களா என்று போதகர் கேட்டார். என்ன நினைத்து எழுந்தேனோ தெரியாது. “அண்ணாச்சி காத ஒடச்சது நாந்தான். நாற்காலியால அடிச்சேன். மதினி, நாந்தான்” என்றேன். பைய சொல்வதாகத்தான் நினைத்தேன். கல்லறைத் தோட்டம் முழுக்க எதிரொலித்தது. மரத்திலிருந்த காக்கைகள் எழும்பின. மஞ்சள் பனியன்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மதினி வந்து என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன், அடித்தால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது.

மதினி பெட்டியிலிருந்து கையை எடுக்கவேயில்லை. ஜெனிதான் பக்கத்தில் வந்தாள். “எங்களுக்கு எப்பவோ தெரியும் மாமா. அன்னைக்கே ஒருத்தன் வீடியோ அனுப்பிட்டான். நீங்களே சொல்லணும்னு அம்மா காத்துக்கிட்டு இருந்தா. அப்பாவும் இருந்தாவ” என்றாள். பிறகு என் கையைப் பிடித்து, “பைய பேசுங்க மாமா. அப்பாவுக்கு இனி ரெண்டு காதும் கேக்கும்” என்றாள்.

பைய பேசத்தான் பார்க்கிறேன், முடியவில்லை. வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள். “எதுக்கு இப்படிக் கத்துதிய” என்று என் வீட்டில் ஏசுகிறார்கள். ஞானதாஸ் அண்ணாச்சி என்னிடம் விட்டுப்போனது இந்தக் குரல். இத்தனை சத்தம் இருந்தும், அவர் உயிரோடு இருந்தபோது சொல்ல வேண்டியதைச் சொல்லாத குரல்.