அத்தையின் கண்ணாடி அறை

என் அத்தைக்கு இரண்டு அண்ணன்கள். ஒருவர் கூடப் பிறந்தவர், என் அப்பா. இன்னொருவர் சம்பளம் கொடுப்பவர். மரியாதை எல்லாம் இரண்டாமவருக்குத்தான்.

கம்பெனியில் அவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். சார் என்றாலோ முதலாளி என்றாலோ முகம் சுருங்கிவிடும். "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்பார். குடும்பம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குக் கூப்பிடலாம், ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவர் சொந்தமாகக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் அதிர்ஷ்டம். சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு வாடகைக் கொட்டகையில் தண்ணீர் பம்புக்குத் தண்டு கடைந்து கொண்டிருந்தவர் அவர். பக்கத்தில் ஒரு ஆலையை மூடியபோது கழித்துப்போட்ட உலையை எடைக்கு வாங்கி வந்து மூலையில் வைத்தார். இரும்பைச் சூடாக்கி உறுதியேற்றுகிற உலை. கரி பிடித்துப் பார்க்கவே அருவருப்பாக இருக்கும். அந்தச் சமயம் விமானக் கம்பெனி ஒன்றுக்கு வழக்கமாக இறக்கையில் மாட்டும் இரும்புப் பின் செய்து கொடுத்த இடம் தீப்பிடித்து எரிந்துபோக, அவர்களுடைய ஆள் தெருத்தெருவாகப் பட்டறை தேடி அலைந்தான். விரல் நீளப் பின்தான். ஆனால் எந்தப் பட்டறைப் பின்னும் அவன் சோதனையில் நிற்கவில்லை. இந்த அழுக்கு உலையில் வெந்தது மட்டும் நின்றது. ஏன் என்று அவனுக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது.

பிறகு எங்கோ இரண்டு நாடுகள் முட்டிக்கொண்டன. ஏவுகணையின் இறக்கைக்கும் அதே பின் வேண்டுமாம். யாரோ யாரையோ அடிக்க, அண்ணன் வீட்டில் மாடி ஏறியது. கொட்டகை கட்டிடமானது. வாசல் கதவில் விமானப் படம் வந்தது. அதற்குக் கீழே 'வானமே நம் வீடு' என்று எழுதி வைத்தார்கள்.

அத்தை அங்கே முதலில் சேர்ந்த பெண். பின்களைத் துடைத்து அடுக்கப் போனவள், பார்த்துப் பார்த்துப் பழகி, சோதித்து முத்திரை போடுகிறவளாக ஆனாள். அவளுடைய எண் பொறித்த ஸ்டாம்ப் விழாத பின் வாசலைத் தாண்டாது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும் அந்த ஸ்டாம்ப். அதைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குக்கூட வருவாள். வீட்டில் டீ கொடுத்தாலும் கிளாஸின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிவிட்டுத்தான் வாயில் வைப்பாள்.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பிய வாரத்தில் ஒருநாள் கேட்டேன்.

"அத்தை, அந்தப் பின் எங்க போகுது?"

"பறக்கிறதுக்குப் போகுது."

"பறந்து?"

"அது நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல."

அவளுக்கு வேண்டியிருந்தது வேறு. பட்டறைக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போனால் ஒரு கண்ணாடி அறை. தரம் பார்க்கிற பிரிவின் தலைவர் உட்காரும் இடம். அங்கிருந்து பார்த்தால் கீழே எல்லோருடைய தலையும் தெரியும் என்பாள் அத்தை. தலைவர் வேறு வேலை தேடிப் போய்விட்டார். அந்தச் சமயம்தான் கம்பெனியை வாங்க வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய நிறுவனம் ஆளனுப்புவதாக இருந்தது. அண்ணன் அத்தையைக் கூப்பிட்டு, "விற்பனை நல்லபடியா முடியட்டும். அந்த ரூம் உனக்குத்தான், தங்கச்சி" என்றார். அன்றிலிருந்து அத்தை தூங்கவில்லை.

அந்தப் பின்னுக்கு ஒரு விதி உண்டு. விமானக் கம்பெனி அனுமதி கொடுத்தது அண்ணனுக்கு அல்ல, அந்த உலைக்கு. அது இருக்கிற இடம், அதில் வேகிற நேரம், முன்னும் பின்னும் செய்கிற வேலைகள், எல்லாம் சேர்த்துத்தான் அனுமதி. உலையை ஒரு முழம் நகர்த்தினாலும் அனுமதி செத்துவிடும். முதலிலிருந்து சோதனை காட்ட வேண்டும். 'தொடாதே, நகர்த்தாதே' என்று உலைக்கு மேலே சுவரில் எழுதி வைத்ததே அத்தைதான்.

அதே அத்தைதான் சொன்னாள்: "அண்ணா, இவ்வளவு வெள்ளையடிச்சு இந்தக் கறுப்புப் பிசாசை நடுவுல வச்சா நல்லாவா இருக்கு? பின்னாடி கொட்டகைக்குத் தள்ளிடலாம். அவங்க போனதும் இருந்த இடத்துல வச்சிடலாம்."

"அனுமதி, கினுமதின்னு ஏதாவது வருமா?"

"ஸ்டாம்ப் போடறது நான்தானே அண்ணா."

உலை நகர்ந்தது. சுவரில் இருந்த எழுத்தின் மேல் வெளிர்நீலம் பூசினார்கள். உலை இருந்த இடத்தில் ஒரு பூந்தொட்டி வந்தது.

வந்தவர்களிடம் பேச என்னைக் கூட்டிப் போனாள் அத்தை. "எங்க அண்ணன் பொண்ணு. நாலு ஊர்த் தண்ணி குடிச்சவ. உங்க பாஷை பேசுவா" என்று என்னையும் ஒரு புது மெஷின் போல அறிமுகம் செய்தாள்.

வந்தவர்களில் தலைமையாக இருந்தவள் வயதான பெண். சாம்பல் நிறக் கோட்டு, தேய்ந்த செருப்பு. வெள்ளையடித்த சுவரையும் பார்க்கவில்லை, பூந்தொட்டியையும் பார்க்கவில்லை. நேராக நடுவில் வந்து நின்று ஒன்று கேட்டாள். நான் அத்தையிடம் சொன்னேன்.

"உலை எங்கேன்னு கேக்கறாங்க."

அத்தையின் முகம் மலர்ந்தது. "கவலைப்பட வேண்டாம்னு சொல்லு. அழுக்கா இருந்துச்சு, உங்க கண்ணுல படக்கூடாதுன்னு பத்திரமா பின்னாடி வச்சிருக்கோம்னு சொல்லு. என் யோசனைதான்னு சொல்லு."

சொன்னேன்.

"நகர்த்தின பிறகு அதுல பின் செஞ்சீங்களான்னு கேக்கறாங்க."

"செய்யாம? வேலை ஒரு நாளும் நிக்கலைன்னு சொல்லு. அங்கயும் நல்லாத்தான் வேகுது. நானே ஸ்டாம்ப் போட்டு அனுப்பிட்டேன்."

அதையும் சொன்னேன். அந்தப் பெண் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள். "கட்டிடம் எங்களிடமே ஏராளமாக இருக்கிறது. நாங்கள் வாங்க வந்தது அந்த உலையின் அனுமதியை" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. ஒரே குடும்பம் என்று வருஷக்கணக்கில் சொன்ன வாய் உடனே திறந்தது. "எனக்குத் தெரியாம இந்தப் பொண்ணு பண்ணிட்டா. அப்படியே சொல்லும்மா."

தங்கச்சி என்றுகூடச் சொல்லவில்லை. நான் அத்தையைப் பார்த்தேன். அவள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதைச் சொன்னேன். அவள் தலையாட்டியதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் அத்தை ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "நீ கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கலாம்."

"எதை?"

"அண்ணனுக்கு எவ்வளவு சங்கடமாப் போச்சு பாத்தியா?"

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவர்களைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். சூனியக்காரனுக்காக வருத்தப்பட்டவளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கம்பெனி அவர்களுக்கே விற்றுப் போனது. பேசிய விலையில் பாதி கிடைத்ததாகச் சொன்னார்கள். பாதியே அண்ணனுக்குக் கடலோரத்தில் வீடு வாங்கப் போதுமானதாக இருந்தது. கடைசி நாள் மேடையேறி, "நம்ம சின்னக் குடும்பத்தைப் பெரிய குடும்பத்துல சேர்த்திருக்கேன்" என்று கண்ணைத் துடைத்தார். அத்தை நிஜமாகவே அழுதாள்.

அன்று அப்பா கேட்டார்: "உன் அண்ணன் உன்னையும் சேத்து வித்துட்டான். நானும் அண்ணன்தான். ஒரு தடவையாவது வித்தேனா?"

"உனக்கு வாங்க ஆள் கிடைக்கல" என்றாள் அத்தை.

புது முதலாளிகள் முதலில் உலையைப் பழைய இடத்தில் வைத்தார்கள். சோதனையை முதலிலிருந்து தொடங்கினார்கள். அத்தை அனுப்பிய பின்களைத் திரும்ப வரவழைத்தார்கள். பிறகு அவளுடைய ஸ்டாம்பைக் கேட்டார்கள். விதிப்படி அதை யாரும் மறுபடி பயன்படுத்தக்கூடாது. அவள் கண்ணெதிரே சாணைக்கல்லில் வைத்து, பொறித்திருந்த எண் போகத் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். வீட்டுக்கு வந்தும் அன்று முழுதும் அவளுடைய கட்டைவிரல் மேசை விளிம்பை அழுத்திக்கொண்டே இருந்தது. அதைப் பார்க்க மட்டும் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

வேலையை விட்டுத் தூக்குவார்கள் என்று அப்பா காத்திருந்தார். தூக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அத்தை போன் செய்தாள்.

"கண்ணாடி ரூம் கிடைச்சிடுச்சு. வந்து பாரு."

போனேன். இரும்புப் படி ஏறினேன். தரம் பார்க்கிற பிரிவைப் புது முதலாளிகள் வேறு கட்டிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கண்ணாடி அறையில் இப்போது வரிசையாகக் கொக்கிகள், அவற்றில் பார்வையாளர்களுக்கான தலைக்கவசங்கள். ஒரு பெட்டி நிறையப் பாதுகாப்புக் கண்ணாடிகள். நடுவில் நாற்காலியில் அத்தை. வருகிறவர்களுக்கு அவற்றை மாட்டிவிட்டுக் கீழே கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"எல்லார் தலையும் தெரியுது."

"சொன்னேன்ல."

எனக்கும் ஒரு தலைக்கவசத்தை மாட்டி, தாடைப் பட்டையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு இறுக்கினாள். கீழே அழைத்துப் போனாள். உலையைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். சுவரில் அதே இடத்தில், அவர்கள் மொழியிலும் நம் மொழியிலும், அச்சடித்த பலகை.

"இதை யாரும் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது" என்று பார்வையாளரிடம் பேசுகிற குரலில் சொன்னாள் அத்தை. "இதுதான் எங்க கம்பெனியோட உயிர். எங்க அண்ணன் கண்டுபிடிச்சது."

நான் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றேன்.