கம்மல் கழற்றிய காது

அம்மாவை ஆபரேசனுக்கு உள்ளே கொண்டுபோகும் முன் இரண்டு கம்மலையும் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். நகை எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டேன். கர்ப்பப்பையில் கட்டி. எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் அம்மாவும் நானும்தான். அதனால் கூட இருந்து பார்த்துக்கொள்ளவும் நான்தான்.

விருதுநகரில் அது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பெயரை எழுத எனக்கு மனமில்லை. அந்தப் பெயரைச் சொன்னாலே வாய் கசக்கிறது.

அம்மா விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை பார்த்தாள். நான் எட்டாவதோடு நின்று அதே கம்பெனியில் திரி வைக்கப் போனேன். அலுமினியப் பொடி கலந்த மருந்து என்பதால் வேலை முடிந்து வரும்போது அம்மா முழங்கை வரைக்கும் எவர்சில்வர் பாத்திரம்போல மின்னுவாள். உடம்பில் இருப்பது குளித்தால் போய்விடும். நகத்தில் ஏறியது போகாது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் தேங்காய் எண்ணெய் தடவி, துணி சோப்புப் போட்டு, பாத்திரம் விளக்கும் நாரால் தேய்தேய் என்று தேய்த்தாள். தோல் சிவந்ததுதான் மிச்சம்.

"டாக்டர் முன்னால கைய நீட்ட வெக்கமா இருக்குத்தா" என்றாள்.

உழைத்த கையை நீட்ட அவள் வெட்கப்பட்டாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். வார்டில் கொண்டுவந்து படுக்க வைத்ததும் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். நகத்தின் வழியே வெளிச்சம் பாய்ச்சி, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற மிஷின். மாட்டியதுமே அது கத்த ஆரம்பித்தது. நர்ஸ் வந்து அம்மாவின் விரலைத் தூக்கிப் பார்த்தாள். ஆபரேசனுக்கு வருகிறவர்கள் கையைக் கழுவி வரக் கூடாதா என்று கேட்டாள்.

அம்மா மயக்கம் தெளியாத வாயால், "களுவிட்டுத்தான் வந்தேன் தாயி. அது போகாது" என்றாள்.

வேறு விரலில் மாட்டினார்கள். அதிலும் கத்தியது. பக்கத்துக் கட்டிலில் பித்தப்பைக் கல் எடுத்த ஒரு அக்கா இருந்தாள். தையலைக் கையால் பொத்திக்கொண்டு, "நகையெல்லாம் களத்தச் சொன்னாகளே, இந்த வெள்ளிய மட்டும் ஏன் மதினி விட்டுட்டீக?" என்றாள். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். நர்ஸும் சிரித்துக்கொண்டே, பட்டாசுக் கை என்றால் இது இப்படித்தான் கத்தும் என்று கிளிப்பைக் கழற்றி குளுக்கோஸ் பாட்டில் மாட்டியிருந்த கம்பியில் தொங்கவிட்டாள். அப்புறம் யாரும் அதைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் எழுந்து நடக்கச் சொன்னார்கள். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இடது கெண்டைக்கால் கல்லு மாதிரி இருக்கிறது, வலிக்கிறது என்றாள். படுத்தே கிடந்தால் அப்படித்தான், நடந்தால் சரியாகிவிடும் என்று நர்ஸ் சொன்னாள். யாரும் குனிந்து காலைப் பார்க்கவில்லை. மத்தியானம் கஞ்சி ஒரு வாய் குடித்தவள் டம்ளரை என்னிடம் நீட்டிவிட்டு நெஞ்சைப் பிடித்தாள்.

"மூச்சு முட்டுதுத்தா."

நர்ஸிடம் ஓடினேன். வாயு பிடித்திருக்கும், சாய்த்து உட்கார வை என்றாள். அந்தக் கிளிப்பை மாட்டிப் பாருங்கள் என்றேன்.

"உங்கம்மா கைக்கு அது வேலை செய்யாதுன்னு நேத்தே பாத்தோம்ல" என்றாள்.

திரும்பி வந்தால் அம்மாவின் உதடு கறுத்துக்கொண்டு வருகிறது. மறுபடி ஓடினேன். டாக்டர் சாப்பிடப் போயிருக்கிறார், வரட்டும் என்றாள். கட்டிலுக்கு வந்து அங்கிருந்தே சத்தம் போட்டேன். இப்படிக் கத்தினால் வெளியே அனுப்பிவிடுவேன் என்றாள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கத்தாதத்தா. அவுக கோவிச்சுக்கிடப் போறாக."

அம்மா கடைசியாகப் பேசியது இதுதான். இருந்த கொஞ்ச மூச்சையும் அவர்களுக்குக் கோபம் வராமல் பார்த்துக்கொள்ளச் செலவழித்தாள். கம்பெனியில் படிந்த பழக்கம். ஃபோர்மேன் முகம் சுளித்தால் மறுநாள் வேலை கிடையாது. அந்தப் பயத்தை வார்டுக்கும் கொண்டுவந்திருந்தாள். சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டியது அதைத்தான்.

பக்கத்துக் கட்டில் அக்கா தையலைப் பிடித்தபடி எழுந்து வராண்டாவில் போய் நின்று கத்தினாள். அப்போதுதான் ஒரு சின்ன வயது டாக்டர் ஓடி வந்தார். தொங்கிய கிளிப்பை எடுத்தார். அம்மாவின் விரலைப் பார்த்தார். விரலை விட்டுவிட்டு அதைக் காது மடலில் மாட்டினார். மிஷினில் எண் வந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். நர்ஸ் என்னைப் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டியவள் நான்தான் என்பதுபோல.

ஆக்சிஜன் வைத்து, ஆம்புலன்ஸில் ஏற்றி மதுரைக்கு அனுப்பினார்கள். வழியில் கள்ளிக்குடி தாண்டும் முன்பே அம்மா போய்விட்டாள். காலில் இரத்தம் உறைந்து, அந்த இரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கும் என்று அந்தச் சின்ன டாக்டர் பிறகு சொன்னார். சீக்கிரம் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் யாரும் பார்க்கவில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். பெரிய டாக்டர் ஆயிரத்தில் ஒருவருக்கு இப்படி வரும் என்றார். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் இருக்கன்குடி ஆத்தா கூப்பிட்டுக்கொண்டாள் என்றார்கள். ஆத்தா தலையில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஆத்தாவா கிளிப்பைக் கழற்றித் தொங்கவிட்டாள்?

குளிப்பாட்டும்போது ஒரு சித்தி சீயக்காயைக் குழைத்து அம்மாவின் நகத்தைத் தேய்க்க வந்தாள். போகும்போதாவது சுத்தமாகப் போகட்டும் என்றாள். கையைத் தட்டிவிட்டேன். இந்தக் கை அழுக்கு இல்லை, யாரும் தொடக் கூடாது என்றேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஒதுங்கினார்கள்.

அப்புறம் கம்மலைக் கேட்டார்கள். கைக்குட்டையை அவிழ்த்து நானே மாட்டினேன். ஆம்புலன்ஸிலும் அந்தக் கிளிப் காதில்தான் இருந்தது. அது அழுத்திய தடம் மடலில் லேசாகத் தெரிந்தது. கம்பியில் தொங்கிய கிளிப்புக்குக் கை எட்டும் தூரத்தில்தான் இந்தக் காது இருந்தது, நகை ஒன்றும் இல்லாமல். அதை வெறுங்காதாக்கி வைத்ததே அவர்கள்தான்.